உப்புப் போட்டுத் துலக்கிய பின்விளக்கு

சூரியனில் நாளைக்கே ஒரு கீறல் விழுந்தால் அதைக் கழற்றிக்கொண்டு வரவேண்டிய இடம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்தடிதான். அங்கே அம்சவள்ளியக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒடச்சது யாரு, நீயா, ஒம் பொண்டாட்டியா?" என்று விசாரித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவாள். மறுநாள் சூரியன் கொஞ்சம் கோணலாக உதிக்கும். அதற்கெல்லாம் அக்கா பொறுப்பில்லை.

இப்பேர்ப்பட்ட மேதை முன்பு உப்பளத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தாள். ஊருக்குள் பிளாஸ்டிக் குடம் வந்த வருஷம் அவள் யோகம் திரும்பியது. பித்தளையைப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வாங்கிய சீமாட்டிகள், அது வெயிலில் வெடித்ததும் தெருவில் நின்று அழுதார்கள். அக்கா அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி விரிசல்மேல் இழுத்தாள். ஒட்டிக்கொண்டது. அப்புறமும் ஒழுகியது என்பது வேறு விஷயம். முன்னைவிட மரியாதையாக ஒழுகியது.

குடத்திலிருந்து அவள் காருக்குப் போனதற்குக் காரணம் எங்கள் ஊர்க் காற்று. அந்த உப்புக் காற்றுக்குக் காரின் தகரம் முறுக்கு மாதிரி. கதவின் அடிப்பக்கம், மட்கார்டு என்று வரிசையாகத் தின்று தீர்த்துவிடும். பிளாஸ்டிக்கை மட்டும் துப்பிவிடும். அதனால் எங்கள் ஊர் டாக்சிகளில் பல வருஷம் கழித்தும் காராக மிஞ்சுவது விளக்கு மூடிகள்தாம். அவை உடைந்தால் ஒட்டுவது, மங்கினால் துலக்குவது என்று அக்கா கடை போட்டாள். கடை என்றால் ஒரு பழைய மரப்பெட்டி, ஒரு கரி அடுப்பு, வாய் ஒன்று.

டாக்சிக்காரர்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கெல்லாம் பெரியவரான அப்பாவு, குடம் ஒட்டுகிற கையில் காரைக் கொடுப்பதா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியின் பின்னாலேயே ஒருநாள் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி வந்து முட்டியது. சிவப்புப் பின்விளக்கு மூடி துண்டு துண்டாகிவிட்டது. மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று எஃப்.சி. வாங்க வேண்டும். புது மூடி மெட்ராஸிலிருந்து வர வேண்டும்.

அப்பாவு துண்டில் சில்லுகளை முடிந்துகொண்டு புளியமரத்தடிக்கு வந்தார்.

"ஏம்மா, இத ஒட்டிருவியா?"

"கொடத்த ஒட்டுற கைண்ணே இது. பரவால்லியா?"

"பேச்சு வேணாம். வெளக்கு செவப்பா எரியணும். எரியலேன்னா எங்க ஸ்டாண்டுப் பக்கம் ஒன் பொட்டியப் பாக்கக் கூடாது."

"எரிஞ்சா?"

"எல்லா வண்டியும் ஒனக்குத்தான். போதுமா?"

போதாமல் என்ன! பெட்டி போனால் மறுபடியும் உப்புக் கூடைதான். அக்காவின் உள்ளங்கால் வெடிப்பு அப்போதுதான் மூடத் தொடங்கியிருந்தது.

மூடியின் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளைப் பெயின்ட்காரர் கொடுத்த தின்னரில் ஊறவைத்தாள். அது சிவப்புக் கூழானது. சில்லுகளை அடுக்கி, கூழைத் தடவி, சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டினாள். மதியத்துக்கெல்லாம் மூடி முழுசாக வந்துவிட்டது. மேலே மட்டும் கூழ் வழிந்து திட்டுத் திட்டாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் ஊரில் எதைத் துலக்கவும் உப்புதான். பாத்திரத்துக்கு உப்பு, குத்துவிளக்குக்கு உப்பு, பல்வலிக்கும் உப்பு. அக்கா அளத்து உப்பை ஒரு கை அள்ளி, ஈரத் துணியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். திட்டு போனது. பளபளப்பும் போனது. உப்போடு ஒட்டி வந்த அளத்து மணல் தன் வேலையைக் காட்டிவிட்டது. மூடி, கண்ணில் பூ விழுந்த கிழவர் மாதிரி அக்காவைப் பார்த்தது.

நான் எதிரே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன்.

"யக்கா, ஊறுகாயா போடுற? கொஞ்சம் மொளகாத்தூளும் சேத்துக்க."

வழக்கமாக இதற்கு ஒரு கல்லாவது வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மூடியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். குடத்தை மறந்துவிட்டுப் போனாள்.

அவள் திரும்பி வரும்போது பெட்டிமேல் ஒரு டப்பா வெள்ளைப் பல்பொடியும், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு பனியனும் இருந்தன. வைத்தது யாரோ ஒரு புண்ணியவான். பஸ் பயணியாக இருக்கலாம். அக்கா யாரையும் கேட்கவில்லை. பனியனில் பல்பொடியைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். தோள் வலித்தால் கை மாற்றினாள். வெயில் சாயும்போது மூடிக்குள் அவள் மூக்கு தெரிந்தது.

அப்பாவு வந்து மூடியை மாட்டிப் பிரேக்கை மிதித்தார். சிவப்பாகத்தான் எரிந்தது. ஒட்டிய கோடு மட்டும் தலைமுடி மாதிரி தெரிந்தது. "அது என்னாம்மா கோடு?" என்றார். "டிசைனுண்ணே" என்றாள் அக்கா. இன்ஸ்பெக்டர் டிசைனைக் கவனிக்கவில்லை. அந்த வாரமே மூன்று டாக்சிகள் மரத்தடியில் வரிசையில் நின்றன. அக்காவுக்குத் தலைக்கனம் புளியமர உயரத்துக்கு ஏறியது.

இதுவரை எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். ஊறுகாய் வந்த இடத்தில் முறைத்தாள், தலைக்கனத்தில் கம்பியைத் தூக்கினாள். மற்றபடி கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பஸ் பயணி ஆம்பளையா, பொம்பளையா?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் கடல தின்னுக்கிட்டிருந்தேன்."

"அப்படியா? ஒங்கம்மா பல்பொடி டப்பாவ எலி தூக்கிட்டுப் போயிடுச்சின்னு தெருவெல்லாம் சொல்றாங்க. ஒங்க வீட்டுல எல்லாரும் கரியிலதான் பல்லு வெளக்குறீங்களாமே?"

நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன்.

"எங்க, ஈன்னு காட்டு."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அக்கா எட்டி என் தாடையைப் பிடித்தாள்.

"காட்றா, எலி."