சீட்டைத் திருப்பச் சொன்ன வில்மா

அமெரிக்காவில் எங்கள் டன்மோர் நகரத்தின் மூன்றாம் வார்டில், நாற்பது வயதுக்குள் இருக்கும் யாரைக் கேட்டாலும் வில்மா சிகோராவைத் தெரியும் என்பார்கள். மேப்பிள் தெருப் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்ட கை அவளுடையது. பட்டாணியை ஒதுக்கி வைக்கிற பிள்ளையை அவள் ஒரு நாளும் அதட்டியதில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையின் தட்டில் மட்டும் பட்டாணிக்குப் பதில் காரட் இருக்கும். அதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் டோரீன். அவளுக்குப் பக்கத்து வீடு. பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் பூசும் கடை ஒன்று வைத்திருக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவேன். கேட்டவர்களைச் சீக்கிரம் விடமாட்டேன். வில்மாவோ, இத்தனை வருஷம் ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தும், கழுதைச் சின்னக் கட்சியா யானைச் சின்னக் கட்சியா என்று மூச்சு விட்டதில்லை. நானும் எப்படியெல்லாமோ போட்டு வாங்கப் பார்த்தேன். "டோரீன், உன் காபி ஆறுது" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கப் போகிறேன் என்றபோது, சாயக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அவள் நின்றதற்குக் காரணம் அவள் புருஷன் லெஸ்டர். கார் தொழிற்சாலையில் உழைத்துத் தேய்ந்த மனுஷன், இதயம் பலவீனம். இரண்டு தடவை சமையலறையிலேயே விழுந்துவிட்டார். இரண்டு தடவையும், எங்கள் தெருமுனைக்கு அப்பால் இருக்கும் தீயணைப்பு நிலையத்திலிருந்து பையன்கள் ஓடி வந்து, நெஞ்சை அழுத்தி, மின்சாரம் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார்கள். அந்த நிலையத்தைத்தான் மூடப் போகிறோம் என்றது நகர மன்றம். மேற்கே இருக்கிற பெரிய நிலையமே ஊர் முழுக்கப் போதுமாம். நடுவில் ஒரு ரயில் பாதை ஓடுவது அந்தப் பெரிய மனிதர்களுக்கு மறந்துபோய்விட்டது. சரக்கு ரயில் வந்து நின்றால், எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு ஈ எறும்புகூட வர முடியாது. மன்றத்தில் ஏழு பேர். மூடலாம் என்று முதல் சுற்றில் கை தூக்கிய நான்கு பேரில் எங்கள் கவுன்சிலர் டக்ளஸ் ரென்ஷாவும் ஒருவர். கடைசி முடிவு தேர்தல் முடிந்து ஜனவரியில் என்று ஒத்திவைத்திருந்தார்கள்.

"நாலுல ஒண்ணு இந்தப் பக்கம் வந்தாப் போதும், நிலையம் பிழைச்சுரும்," என்றாள் வில்மா. "அந்த ஒண்ணு நானா இருந்துட்டுப் போறேன்."

அன்று அவள் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் பேச்சுவாக்கில் லெஸ்டரைக் கேட்டாள்: "போன தடவை கவுன்சிலருக்கு யாருக்குங்க போட்டீங்க? ரென்ஷாவுக்கா?"

"யாருக்கோ. எனக்கென்ன தெரியும்?" என்றார் லெஸ்டர். "ஓட்டுச் சீட்டுல மேல நம்ம கட்சிக்கு ஒரு வட்டம் இருக்கும். அதைக் கறுப்படிச்சா எல்லாருக்கும் போட்ட மாதிரி. மெஷின்ல விட்டுட்டு வந்துருவேன்."

வில்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த வட்டம் கட்சிக்காரங்களுக்கு மட்டும்தாங்க. கவுன்சிலருக்குக் கட்சியே கிடையாது. அந்தப் பேரெல்லாம் சீட்டோட பின்பக்கம் இருக்கு."

"பின்பக்கம்னு ஒண்ணு இருக்கா?"

எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. வில்மா சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமும் இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முதல் தெருவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்தாள். பாதித் தெரு லெஸ்டராகத்தான் இருந்தது. கழுதைக்காரர்களும் சரி, யானைக்காரர்களும் சரி, அந்த ஒற்றை வட்டத்தைக் கறுப்படித்துவிட்டு, ஜனநாயகக் கடமை முடிந்தது என்று சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள். தண்ணீர் வரியையும் தெருக்குழியையும் தீயணைப்பு வண்டியையும் முடிவு செய்கிற ஆளை மட்டும் யாரோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். புல்தரையில் குத்தி வைக்கும் பலகைகளை அச்சடித்துக்கொண்டு வந்தாள். பலகை முழுக்கப் பெரிய எழுத்தில் "சீட்டைத் திருப்புங்கள்" என்று இருந்தது. அவள் பெயர் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது.

எனக்குத் தலை சுற்றியது. "ஏண்டி, உனக்கு மூளை இருக்கா? திருப்பினா ரென்ஷா பேரும்தானே அங்க இருக்கு?"

"இருக்கும்."

"அப்புறம்? அவனுக்கும் சேர்த்து நீயே பிரசாரம் பண்றியா?"

"மொதல்ல திருப்பட்டும்டி. திருப்பாத சீட்டுல நானும் தோத்தேன், அவரும் தோத்தாரு, லெஸ்டரும் தோத்தாரு."

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? பலகைகளை என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். வயிற்றெரிச்சலோடு வண்டி ஓட்டினேன். கழுதைக் கட்சிப் பலகை நிற்கிற புல்தரையிலும் வில்மாவின் பலகை நின்றது, யானைக் கட்சிப் பலகைக்குப் பக்கத்திலும் நின்றது. ஒரு வீட்டில் புருஷனுக்கு ஒரு கட்சி, பெண்டாட்டிக்கு ஒரு கட்சி. புல்தரையை நடுவில் பிரித்து ஆளுக்கொரு பலகை நட்டிருந்தார்கள். வில்மா தன்னுடையதைச் சரியாக நடுவில் நட்டாள்.

கதவைத் தட்டினால் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று வாசலை அடைத்துக்கொண்டு கேட்டான் ஒரு தாடிக்காரன்.

"தண்டவாளத்துக்குக் கிழக்குப் பக்கம்," என்றாள் வில்மா. "நீ கெண்டல்தானே? காளான் போட்டா தொட மாட்டியே."

தாடிக்காரன் முகம் அப்படியே எட்டு வயதுக்குப் போய்விட்டது. "வில்மாம்மா! நீங்களா? உள்ள வாங்க, வாங்க. அடியே, யார் வந்திருக்காங்க பாரு!"

"உள்ள வர நேரமில்லப்பா. ஓட்டுப் போடறப்போ சீட்டைத் திருப்பு."

"திருப்பி உங்களுக்குப் போட்டுட்டாப் போச்சு."

"யாருக்கு வேணா போடு. திருப்பு. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட தீயணைப்பு நிலையத்தப் பத்திக் கேளு."

யாருக்கு வேணா போடாம்! நான் வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன்.

செப்டம்பரில் என் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கே வந்தார். நான்தான் வரவழைத்தேன். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நம்மாளுன்னு. போன் பண்ண ஆள் தரோம், வீடு வீடாப் போகப் பிள்ளைங்களைத் தரோம்," என்றார். வில்மா தலையில் சாயத்தோடு, பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்மாளுன்னு சொன்ன நிமிஷமே பாதி வார்டு எனக்குக் கதவைச் சாத்திரும் சார். அந்தப் பாதி வீட்லயும் நெஞ்சுவலி வருமே." அவர் போனதும் எங்களுக்குள் பெரிய சண்டை. அன்றைக்கு அவளுக்குப் பின்தலையில் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேன். அதுகூட அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபரில் எங்கள் பக்கத்துத் தேவாலயக் கூடத்தில் வேட்பாளர்கள் இருவரும் பேசும் கூட்டம் வைத்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. பின்னால் மேஜையில் பூசணி ரொட்டியும் காபியும். வில்மா மேடையில் கைப்பையை மடியில் வைத்து, பல் டாக்டரிடம் வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. ரென்ஷா வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தை நடத்திய அம்மாள், "நாம ஆரம்பிச்சுடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஆரம்பி, ஆரம்பி, என்று கையைக் காட்டினேன்.

"அவர் வரட்டும்," என்றாள் வில்மா. "அவர் இல்லாம நான் யார்கிட்ட கேக்கறது?"

கடைசியில் ரென்ஷா ஓடி வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, டை தோளில் கிடந்தது. மைக்கைப் பிடித்து, "எல்லாரும் மன்னிக்கணும். ரயில் நின்னுடுச்சு. அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டேன்," என்றார்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு! கெண்டல் நாற்காலியில் ஏறி நின்று விசிலடித்தான். என்ன சொல்லிவிட்டோம் என்று ரென்ஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்து நின்றார். இப்போது இவள் நாலு போடு போட்டால் ஆள் எழுந்திருக்கவே மாட்டான் என்று நான் கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

வில்மா எழுந்தாள். சிரிப்பு அடங்கும்வரை கையைத் தூக்கியபடி நின்றாள். அவர் பக்கம் தண்ணீர்க் குவளையை நகர்த்தினாள்.

"மூச்சு வாங்கிக்கோங்க சார். நாங்க உங்களுக்காகக் காத்திருந்தோம். ஒண்ணும் கெட்டுப் போகல," என்றாள். பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷனைக் காட்டினாள். "இவரு நெஞ்சு காத்திருக்காது."

அவ்வளவுதான் பேசினாள். போய் உட்கார்ந்துவிட்டாள். தயார் செய்து வந்த பேச்சு அவள் கைப்பையிலேயே இருந்தது. ரென்ஷா லெஸ்டரைப் பார்த்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு ஏதோ வரிப் பற்றாக்குறை, செலவு என்று பேசினார். குரலில் பழைய தெம்பு இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவரும் எங்கள் பக்கம் வந்து கதவு தட்ட ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் தட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் ஒரு வேடிக்கை. சீட்டைத் திருப்பும் சத்தம் அறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். வேலை பார்த்த பெண் என் கடைக்கு வந்து சொன்னாள். லெஸ்டர் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாராம், இன்னொரு பக்கம் இருந்தாலும் இருக்கும் என்று.

வில்மா தோற்றாள்.

கொஞ்சம் ஓட்டில்தான் தோற்றாள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. எங்கள் வார்டில் பின்பக்கத்தை வெற்றாக விட்ட சீட்டு அந்த வருஷம் அநேகமாக இல்லை. திருப்பியவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள், தங்கள் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர், பிள்ளைகளின் பேஸ்பால் குழுவுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவர் என்று ரென்ஷாவின் பெயரைப் பார்த்ததும் அதிலேயே கறுப்படித்துவிட்டார்கள். ரென்ஷாவுக்கு வாழ்நாளில் விழாத ஓட்டு அந்தத் தடவை விழுந்தது. வீடு வீடாகப் போய் வாங்கிக் கொடுத்தவள் வில்மா.

அவள் சமையலறையில் நின்று கத்தினேன். "நீயே அவனைத் தூக்கி நாற்காலியில உக்கார வச்சுட்டியேடி! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்க கட்சின்னு சொல்லியிருந்தா…"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "லெஸ்டருக்குக் கேக்கப் போகுது, மெதுவா," என்றாள். நான் துண்டை எடுத்துப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய?

ஜனவரியில் அந்தக் கடைசிக் கூட்டம். வெளியே பனி முழங்கால் அளவு. மன்ற அறையில் உட்கார இடமில்லை, எங்கள் கிழக்குப் பக்கமே கிளம்பி வந்திருந்தது. மூன்று பேர் மூடலாம் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ரென்ஷா கடைசி. தோற்கடித்தவனிடம் தர்மம் கேட்கிற நிலைமை வந்துவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்மா லெஸ்டரின் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள்.

ரென்ஷா மைக்கைக் கிட்டே இழுத்தார். "இத்தனை வருஷம் எங்க வார்டுல பாதிப் பேர் எனக்கு ஓட்டும் போடல, எதிரா ஓட்டும் போடல," என்றார். "அவங்களுக்கு எதுவும் வேண்டாம் போலன்னு நெனச்சுட்டேன். இந்தத் தடவை அத்தனை பேரும் போட்டாங்க. நான் கதவு தட்டின ஒரு வீட்லகூட நீ எந்தக் கட்சின்னு கேக்கல. நிலையத்தை என்ன பண்ணப் போறேன்னுதான் கேட்டாங்க. யாரு சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்." வில்மா உட்கார்ந்திருந்த பக்கம் தலையை ஆட்டினார். "மூடக் கூடாது. இது என் ஓட்டு."

அறையே எழுந்து நின்றது. நான் பக்கத்தில் இருந்த, ஜென்ம விரோதியான எதிர்க்கட்சிக்காரியைக் கட்டிப்பிடித்து அழுதேன். இவள் என் சிநேகிதி, என் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள் என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவும் சொன்னேன்.

வெளியே படிக்கட்டில் பனி இறுகிக் கிடந்தது. வில்மா லெஸ்டரின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"அடுத்த தடவை நீ நில்லுடி. ரென்ஷா எந்த மூலைக்கு? கண்ணை மூடிட்டு ஜெயிப்பே."

"எதுக்கு?" என்றாள் திரும்பாமல். "மெதுவாங்க, இந்தப் படி வழுக்குது… எனக்கு வேண்டியது இதோ என்கூட வீட்டுக்கு நடந்து வருதேடி."