கரைக்கு உட்புறம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஊருக்கெல்லாம் மனு எழுதித் தருகிறவள் நான். முதியோர் பென்ஷனா, பட்டா மாற்றமா, என் கையால் எழுதினால் காகிதம் திரும்பி வராது என்று பேர். அந்தத் திமிர்தான் எங்கள் வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்தது.

பரங்கிப்பேட்டைப் பக்கம், உப்பங்கழியை ஒட்டிய தெரு எங்களுடையது. கழியோரத்துப் பழைய மண்கரை வருஷா வருஷம் உடையும். இனி அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மேற்கே தள்ளிப் புதுக் கரை போடலாம், பழையதை வெட்டிவிட்டால் நடுவில் உப்புத்தண்ணீர் ஏறி அலையாத்தி வளரும், அதுவே அலையைத் தாங்கும் என்றார்கள் அதிகாரிகள். நடுவில் மாட்டுகிற வீடுகளுக்கு மேற்கே மனையும் வீடும் உண்டு. நியாயமான பேச்சுதான்.

படிவம் நிரப்ப ஆட்கள் வந்தார்கள். மற்ற வீடுகளுக்கு அவர்களே வரைபடத்தைப் பார்த்து எழுதினார்கள். நான் விடுவேனா? "எங்க வீட்டுக்கு நானே எழுதிக்கிறேன் சார்" என்று பிடுங்கிக்கொண்டேன். வீடு புதுக் கரைக்கு உட்புறமா, வெளிப்புறமா என்று ஒரு கேள்வி. அளந்து கல் நட்டபோது கூடவே நடந்து பார்த்தது என் மாமியார்தான். வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"அத்த, நாம கரைக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான்டி. நல்லா உள்ள இருக்கோம்."

எங்களுடையது தெருவின் மேற்குக் கோடி வீடு. அப்பாடா, கரை நமக்கு முன்னாலேயே திரும்பிவிடும்போல என்று நிம்மதியாக 'உட்புறம்' என்பதில் டிக் அடித்தேன்.

நான் கடலூர் செம்மண்டலத்துப் பெண். பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். எங்களுக்கு உள்ளே என்றால் நிலத்துப் பக்கம். மாமியாருக்கு உள்ளே என்றால் தண்ணீர்ப் பக்கம். கல்யாணமாகி ஆறு வருஷமாக என் கணவர் வலையைத் தூக்கிக்கொண்டு "உள்ள போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் கழிக்குக் கிளம்புகிறார். இந்த மரமண்டைக்கு ஏறவில்லையே! எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது எனக்காகவே சொன்னது.

மேற்கே மனை தருகிற பட்டியலில் எங்கள் வீடு இல்லை. தெரு மொத்தமும் மேற்கே போனது. புதுக் கரை எங்கள் கொல்லைக்குப் பின்னால் எழும்பியது, பழையதை வெட்டினார்கள். அதிகாரியிடம் ஓடினேன்.

"பதிவுல நீங்க உட்புறம்மா. பாதுகாப்பாதான் இருக்கீங்க" என்றார்.

"சார், கொல்லையில தண்ணி நிக்குது, வந்து பாருங்க சார்."

வந்தார், பார்த்தார், செருப்பில் சேற்றோடு திரும்பிப் போனார். மனு மேலே போயிருக்கிறது, வரும், பொறுங்கள். இதே வார்த்தைகளை நான் எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்!

முன்னால் கழி, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் கரை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் படியேறுகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரை ஏறி இறங்கித்தான் நான் வேலைக்குப் போகிறேன். போன மழைக்காலத்தில் புயலடித்தபோது ஊருக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கரை நன்றாகவே வேலை செய்தது. நாங்கள் மூன்று பேரும் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். இப்போது வாசலெல்லாம் அலையாத்திக் கன்று. "நண்டு ஜாஸ்தி ஆயிடுச்சு பாரு" என்று கணவர் ஆறுதல் சொல்கிறார். எனக்கு அந்தக் கன்றுகளைப் பிடுங்கி எறியலாம்போல ஆத்திரம் வரும்.

மாமியாரிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. ஆபீஸ் தப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் போகிற வருகிறவர்களிடம் ஆபீஸைத் திட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் எனக்குத் தாங்கவில்லை. கொல்லையில் சேறு வழித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"அத்த, ஆபீஸ் தப்பு இல்ல. நான்தான் தப்பா டிக் அடிச்சேன்."

அவர் நிமிரவில்லை.

"தெரியும்டி. பட்டியல் ஒட்டுன அன்னிக்கே சொன்னாங்க. தெருவுக்கே தெரியும். மூஞ்சிக்கு நேரா கேட்டா நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடுவியோன்னு, யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

திட்டியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே கடலூர் பஸ் ஏறியிருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டு, "அந்த மண்வெட்டிய எடு" என்றார். எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குனிந்தேன்.