சொந்தம் என்றொரு குறிச்சொல்

என் வலைப்பதிவில் எனக்கு நானே பின்னூட்டம் போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு அல்ல. ஆரம்ப ஆண்டுகளில் வந்த பாராட்டுகளில் பெரும்பாலானவை என் கைவண்ணம்தான். திருமயத்திலிருந்து ஒரு வாசகர் 'மீ த ஃபர்ஸ்ட்' என்று முதல் ஆளாக வருவார். அறந்தாங்கியிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் 'காலத்துக்கேற்ற நகைச்சுவை' என்று சான்றிதழ் தருவார். நான் பணிவோடு நன்றி தெரிவிப்பேன். ஒருமுறை அவர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு முற்றி, நானே இடையில் புகுந்து சமாதானம் செய்யவேண்டி வந்தது. மூவரும் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

இந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. எப்பேர்ப்பட்ட ஆளின் கையில் ஒரு நல்ல எழுத்து போய் மாட்டிக்கொண்டது என்பது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

அந்த நல்ல எழுத்து என் அக்காவுடையது. கீரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். அம்மா கடைசி ஆறு வருடம் அக்கா வீட்டில்தான் இருந்தார். அம்மா இறந்த பிறகு நான் அவரைப் பற்றி வரிசையாகப் பதிவுகள் எழுதினேன். எல்லாம் நகைச்சுவைதான், எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்று. ஒவ்வொரு பதிவின் கீழும் அக்கா பின்னூட்டம் எழுத ஆரம்பித்தாள். காலையில் பூப் பறித்து முடித்து, கமிஷன் கடையில் எடை போடக் காத்திருக்கும் நேரத்தில், அத்தானின் போனில் ஒற்றை விரலால் தட்டுவாள். புள்ளியும் இருக்காது, காற்புள்ளியும் இருக்காது. 'அப்படி இல்ல தம்பி' என்றுதான் எல்லாமே தொடங்கும். அம்மா எதற்குச் சிரிப்பார், யார் வீட்டில் கை நனைக்கமாட்டார், அப்பாவிடம் பேசாமல் இருந்த ஒரு மாசத்தில் எப்படிச் சாடையாலேயே குடும்பம் நடத்தினார் என்று போகும். என் பதிவைவிடச் சில நாள் அது நீளமாக இருக்கும்.

பின்னூட்டங்கள், நான் ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே தெரியும் என்று அமைத்திருந்தேன். அறந்தாங்கிப் பேராசிரியருக்கு உடனே ஒப்புதல் கிடைக்கும். அக்காவுக்குச் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சலில் அவள் எழுத்து வந்து குதிக்கிறது என்று, வந்தவற்றை அழித்து, அந்த அறிவிப்பையும் நிறுத்திவைத்தேன்.

போன வருடம் எங்கள் ஊரில் சிறிய அளவில் புத்தகம் போடும் ஒருவர், டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார்: "ஒங்க பிளாகுக்கு லிங்க் அனுப்புங்க சார், தொகுப்பா வருமான்னு பாப்போம். ஆனா சொந்தக்காரங்களக் கேலி பண்ணி எழுதுனதெல்லாம் எடுத்துருங்க. அப்புறம் கல்யாண வீட்டுல என்னையப் பிடிச்சுக்குவாங்க."

டீ ஆறுவதற்குள் நான் நூலாசிரியன் ஆகிவிட்டேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை ஒதுங்க வைப்பதுபோல வலைப்பதிவைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் பரண்தான். பக்கம் திறந்ததும் மேலிருந்து ரோஜா இதழ் கொட்டியது. வலப்பக்கம் ஒரு கடிகாரம் எந்த நாட்டு நேரத்தையோ காட்டியது. பலருடைய பதிவுகளைத் தொகுத்துக் காட்டி, எப்போதோ மூடப்பட்ட திரட்டிகளுக்கான ஓட்டுப்பட்டைகள், தேர்தல் முடிந்த சுவர் மாதிரி, வரிசையாக நின்றன. பாதியில் விட்ட பதிவுகள் முப்பத்தொன்று. அதில் ஒன்பதின் முதல் வரி 'நண்பர்களே, நீண்ட இடைவெளிக்குப் பிறகு'. பதிவுகளை வகைபிரிக்க ஒட்டிய குறிச்சொற்கள் நாற்பத்து மூன்று. 'அனுபவம்', 'அனுபவங்கள்', 'என் அனுபவம்', 'மொக்கை', 'செம மொக்கை' என்று ஒரே சரக்குக்கு ஐந்து பெட்டி.

இரண்டு நாள் உழைத்தேன். இதழ்களைக் கூட்டினேன், கடிகாரத்தைக் கழற்றினேன், மொக்கைகளை ஒன்றாக்கினேன். மூன்றாம் நாள் 'சொந்தம்' என்ற குறிச்சொல்லுக்கு வந்தேன். சித்தப்பாவின் கஞ்சத்தனம், சின்ன அத்தையின் வாய், கொழுந்தியாள் வீட்டு வளைகாப்பு எல்லாம் அதன் கீழ்தான் இருந்தன என்பது நினைவிருந்தது. ஐம்பத்தெட்டு பதிவுகள். எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறோம் என்று ஒரு பெருமூச்சு விட்டு, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். அவை குப்பைத்தொட்டிக்குப் போயின. எதையும் அரைகுறையாக விட்டே பழக்கப்பட்டவன், அன்றைக்கென்று தொட்டியையும் காலி செய்தேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று ஒருமுறைக்கு இருமுறை மரியாதையாகத்தான் கேட்டது. பதிவுகளின் எண்ணிக்கை குறைந்ததும், எடை குறைந்தவன் கண்ணாடி முன் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்று அழகு பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, ஆபீஸ்லயா இருக்க?"

"ஆமாக்கா, சொல்லு."

"அம்மாவப் பத்தி நான் எழுதுனதெல்லாம் ஒன் இதுல இருக்குல்ல, அத மொத்தமா ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுடா. பாப்பா கேக்குது."

பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. கத்தாரில் இருக்கும் அக்கா மகள். அவளுடைய மகளுக்குத்தான் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

"அந்தச் சின்னக் குட்டி, 'யாரு பேர எனக்கு வச்சீங்க, அவங்க எப்படி இருப்பாங்க'ன்னு நொச்சுப் பண்ணுதாம். எதாச்சும் எழுதி அனுப்பும்மாங்குது பாப்பா. நான் எதுக்கு மறுபடி எழுதணும், எல்லாந்தான் மாமாகிட்ட இருக்குன்னுட்டேன். பெரிய எழுத்தா எடு, எனக்கும் படிக்கணும்."

"ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாரேன்க்கா."

இதைச் சொல்லும்போது எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. அம்மாவைப் பற்றிய பதிவுகளைத்தான் நான் தொடவில்லையே. அன்று மதியமே 'அம்மா' என்ற குறிச்சொல்லைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை. நாற்பத்து மூன்று குறிச்சொற்களில் மொக்கைக்கு இரண்டு கொடுத்தவன், அம்மாவுக்கு ஒன்று கொடுக்கவில்லை.

பிறகுதான் தலையில் உறைத்தது. வலைப்பதிவு தொடங்கிய காலத்தில், மின்னஞ்சலில் சுற்றிவரும் துணுக்குகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சுட்டது எது, நானே எழுதியது எது என்று வாசகருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக நானே எழுதியவற்றுக்கு 'சொந்தம்' என்று போட்டேன். சொந்தச் சரக்கு என்று பொருள். பின்னாளில் உறவினர்களை எழுதத் தொடங்கியபோது, 'சொ' என்று அடித்ததுமே அந்தச் சொல்லை அதுவே நீட்டியது. சரி, சொந்தம்தானே என்று விட்டுவிட்டேன். அம்மாவைப் பற்றி எழுதியவற்றுக்கு நான் 'சொந்தம்' என்று போட்டது அம்மா சொந்தம் என்பதற்காக அல்ல. என் சொந்த எழுத்திலேயே அதுதான் உச்சம் என்ற கர்வத்தில். தமிழில் இதற்கும் அதற்கும் ஒரே சொல்லாக இருப்பது என் குற்றம் இல்லை என்று சிறிது நேரம் வாதாடிப் பார்த்தேன். எதிரே யாரும் இல்லை.

காப்பு நகல் எடுத்த நினைவு வந்தது. சுத்தம் செய்யத் தொடங்கும் முன் பொறுப்பாக ஒன்று இறக்கி வைத்திருந்தேன். திறந்தேன். அது வலைப்பதிவின் வடிவமைப்பு. எந்தப் பட்டை எத்தனை அகலம், தலைப்புக்கு என்ன நிறம் என்ற விவரம் முழுக்க இருந்தது. கடை எரிந்துபோனவன் பெயர்ப்பலகையைக் காப்பாற்றி வைத்த கதை. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் ஓரிடத்தில் தேடினேன். ஒரே ஒரு நாளின் முகப்பு கிடைத்தது. அம்மாவைப் பற்றிய பதிவின் தலைப்பும், அதன் கீழ் '7 கருத்துகள்' என்ற வரியும் இருந்தன. அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை. ஏழு என்ற எண் மட்டும் மிச்சம்.

என் பதிவுகளுக்கு எதுவும் ஆகவில்லை. அவை எல்லாவற்றையும் அச்செடுத்து, தேதி எழுதி, கோப்பில் துளைபோட்டுக் கோத்து பீரோவில் வைத்திருக்கிறேன். பின்னூட்டப் பகுதி தாளை வீணாக்குகிறது என்று அதை மட்டும் விட்டு அச்செடுத்திருந்தேன்.

அக்கா எழுதியவற்றில் எனக்கு மனப்பாடமாக இருப்பது ஒன்றுதான். நான் ஒப்புதல் கொடுக்காத ஒன்று. குடுமியான்மலைக் கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போன அம்மா, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் யாருடைய செருப்புமாகப் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தார். அதை நான் 'கூட்டணி ஆட்சி' என்று தலைப்பிட்டு இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். பேராசிரியர்கூடப் பாராட்டினார். அதன் கீழ் அக்கா எழுதியது: 'அப்படி இல்ல தம்பி அம்மாவுக்கு அன்னிக்கு கண்ணு தெரியல சுகர் கண்ணுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு கால நொழச்சு பாத்து அளவு சரியா இருந்தத போட்டுக்கிட்டு வந்துச்சு ஒனக்கு பரீட்சைக்கு பதினோரு நாள் இருந்துச்சு சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு'.

அதை அலுவலகத்தில் படித்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். ஒரு நகைச்சுவைப் பதிவின் காலடியில் இப்படி ஒன்று கிடந்தால் யார் சிரிப்பார்கள் என்று தோன்றியது. ஒப்புதல் கொடுக்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. நிலுவையில் வைத்தேன். அரசாங்கத்தில் இருபத்தாறு வருடம் கற்றுக்கொண்டது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போனேன். வெறுங்கையோடு போகக் கூசி, என் பதிவுகளின் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய மடத்தனம் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு புரிந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை வாங்கிப் புரட்டினாள்.

"இது நீ எழுதுனதுல்ல?"

"ஆமாக்கா."

"என்னோடது?"

சொன்னேன். குறிச்சொல், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். தொழில்நுட்பமாகச் சொன்னால் குற்றம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

"அந்தச் செருப்பு சமாச்சாரமும் போச்சா?"

"போச்சுக்கா."

"அத நீ படிச்சியா இல்லையா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுத்தான் ஒண்ணுஞ் சொல்லாம இருந்தியா. ஒப்புதலுக்கு அப்புறம் வரும்னு போட்டுச்சு. ஒங்க ஆபீஸ் மாதிரி மேல போயி, கையெழுத்தாகி, மெதுவா வரும்போலன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்டா."

எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "இப்பச் சொல்லுக்கா. நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேன்."

சொல்லத்தான் பார்த்தாள். அம்மாவுக்குப் பிடிக்காத வீடு ஒன்று இருந்தது. எந்த வீடு என்பது வரவில்லை. அப்பாவோடு பேசாமல் இருந்தது ஒரு மாசமா, ஒரு வாரமா என்று நின்றுவிட்டாள். சாடையில் உப்புக் கேட்டால் எப்படி, புளி கேட்டால் எப்படி என்று கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே நின்றது.

"அம்மா போன புதுசுல எல்லாம் கண்ணு முன்னாடி இருந்துச்சு தம்பி. எங்கடா மறந்துருமோன்னு பயந்துக்கிட்டுத்தான் ஒங்கிட்ட எழுதுனேன். எழுதியாச்சுன்ன ஒடனே எறக்கி வச்சுட்டேன். இனிமே நான் சொமக்க வேண்டியதில்ல, அது பத்திரமா இருக்குன்னு."

நான் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா எழுதிருக்க. ஆனா இது யாரோ ஒரு அம்மா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாப்பா ராத்திரி கூப்பிடும், அதற்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சாப்பிடச் சொன்னாள். முருங்கைக்கீரை சாம்பாரும் முட்டையும். அவள் பரிமாறிய விதத்தில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் விழுங்க முடியவில்லை.

அத்தான் என்னை வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். அதிகம் பேசாதவர். பஸ் வரும்வரை நின்றார். போகிற போக்கில் கேட்பதுபோல, "ஒங்கக்கா எழுதுனது திரும்பக் கெடைக்காதாக்கும்," என்றார்.

"இல்லத்தான். நீங்க படிச்சிருக்கீங்களா?"

"என் போன்லதானே எழுதும். ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன்."

எனக்கு உயிர் வந்தது. "எதாச்சும் ஞாபகம் இருக்கா அத்தான்?"

யோசித்தார். "நல்லா இருந்துச்சுங்கிறது மட்டுந்தான் மாப்ள ஞாபகத்துல இருக்கு."

பஸ் வந்துவிட்டது. நான் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதாவது கிடைக்கும் என்ற சபலத்தில், கோப்பைக் காட்டி, "அப்ப நான் எழுதுனது?" என்று கேட்டேன்.

"அதுதான் மாப்ள தொந்தரவே. அது எழுதுனது அடியில கெடக்கும். போன்ல ஒன்னோடத மேல தள்ளித் தள்ளி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள வெரலு வலி எடுத்துரும்."