எவர்சில்வர் டம்ளரின் ஓட்டைகள்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் எனக்கு வகுப்பாசிரியை என் அம்மாதான். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் அம்மாவின் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் இல்லை.

கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. அப்பா மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சிதம்பரம் போகிற சாலையில் இறங்கி, கடலைப் பார்த்து உள்ளே நடக்க வேண்டிய ஒரு மீனவ கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை. என்னை வேறு பள்ளியில் விட்டுக் கூட்டிவர ஆள் இல்லாததால், தினமும் தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் பள்ளியிலேயே சேர்த்துவிட்டாள். நாலாவதும் ஐந்தாவதும் ஒரே அறை. இரண்டுக்கும் அவள்தான். கேட்டைத் தாண்டிவிட்டால் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, நான் கை தூக்கினால்கூட என்னை எழுப்பிப் பதில் கேட்க மாட்டாள். டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கு பழகிப்போய், ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது, "டீச்சர், இன்னொரு தோசை" என்றேன். அம்மா தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி, "இங்கயுமா?" என்று கேட்டாள்.

அந்த வருஷம் அறிவியலில் பொருள்களும் அவற்றின் மாற்றங்களும் என்று ஒரு பாடம். திடம், திரவம், வாயு. புத்தகத்தில் சின்னப் பாடம்தான். ஆனால் எங்கள் வகுப்பில் அது முடிகிற வழியாக இல்லை.

திடப்பொருளுக்குத் தனக்கென்று ஒரு வடிவம் உண்டு, திரவம் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்தப் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள். மறுநாள் ஐந்தாம் வகுப்புக் கவியரசன் ஒரு பாட்டில் நிறையக் கடற்கரை மணல் கொண்டுவந்தான். அதை டம்ளரில் கொட்டினான். டம்ளரிலிருந்து சாப்பாட்டுத் தட்டில் கொட்டினான்.

"ஊத்துற எடத்துக்கு ஏத்தாப்புல மாறுது டீச்சர். அப்ப மணலும் திரவந்தான?"

"ஒரு மணல மட்டும் எடுத்துப் பாருடா. அதுக்குன்னு ஒரு வடிவம் இருக்குல்ல?"

கவியரசன் ஒரு மணலை விரல் நுனியில் ஒட்டவைத்துப் பார்த்தான். "தண்ணியும் அப்புடிச் சின்னச் சின்னதாத்தான் இருக்குதோ என்னமோ. நம்ம கண்ணுக்குத் தெரியலன்னா?"

அம்மாவிடம் பதில் இல்லாமல் இல்லை. அந்தப் பதில் எங்கள் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான். "அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும். மொதல்ல தட்டக் கழுவிட்டு வா" என்றாள்.

அவன் உட்கார்ந்ததும் முன்வரிசை மலர்விழி எழுந்தாள். கரையில் ஒதுங்குகிற, ஜெல்லி மீன் என்கிற சொறிமீன் திடமா, திரவமா? கையில் எடுத்தால் கட்டியாக இருக்கிறது. வெயிலில் கிடந்தால் தண்ணீராய்ப் போய்விடுகிறது. அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, சொறிமீன் ஒரு உயிர், உயிரையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாயுவுக்குப் போனாள். வாயுவுக்கு உதாரணம் கேட்டபோது கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "எங்க தாத்தாவுக்கு ஜாஸ்தியா இருக்கு டீச்சர், மாத்திரை சாப்புடுறாரு" என்றான். அத்தோடு அன்றைய பாடம் முடிந்துபோனது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, "கேக்குறதுக்கு ஒரு அளவு வேணாம்?" என்பாள் அம்மா. என்னிடம் இல்லை, பொதுவாக. நான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் சந்தேகங்கள் உண்டு. ஆனால் அவற்றை எல்லாம் நான் மாமாவிடம் கேட்டுக்கொள்வேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, சிங்கப்பூர் விசாவுக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தார். பெரும்பாலும் படுத்துக்கொண்டே காத்திருந்தார். எதைக் கேட்டாலும் அவரிடம் உடனே பதில் இருக்கும். பெரிய கிளாஸில் வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தேங்காய்க்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, மழைக்காலத்தில் மரம் தேங்காயின் மூன்று கண்களையும் திறந்து வைத்துக்கொள்ளும், மழை நின்றதும் மூடிக்கொள்ளும் என்றார். அம்மாவைவிட மாமாவுக்கு அறிவியல் அதிகம் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்த நிலையில்தான் கல்வி அலுவலர் வகுப்பைப் பார்க்க வரப்போகிறார் என்று தலைமையாசிரியை வந்து சொன்னார். முந்தைய தடவை அவர் வந்தபோது, நாள் முழுக்க அம்மாவின் உயிரை வாங்கிய அதே பிள்ளைகள், அவர் என்ன கேட்டும் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இந்த வகுப்புக்கு எதுவுமே சொல்லித்தரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியை அதை அம்மாவுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்துவார்.

இந்த முறை செய்துகாட்டியே பாடம் நடத்திவிடுவது என்று அம்மா முடிவுசெய்தாள். பனிக்கட்டி உருகித் தண்ணீராவது, தண்ணீர் கொதித்து ஆவியாவது, குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் அதே ஆவி நீர்த்துளியாகத் திரும்ப வருவது. பனிக்கட்டிதான் பிரச்சினை. பள்ளியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வீட்டிலிருந்து எடுத்துப்போனால் பஸ்ஸிலேயே பாடம் நடந்து முடிந்துவிடும். ஆகவே துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் நல்ல கட்டியாக வாங்கி, அலுவலர் வருவதற்குள் பைக்கில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு மாமாவிடம் போனது.

"காலையில எந்திரிச்சிடுவியா?"

"என்னக்கா, ஒரு ஐஸு. இதுக்குப் போயி."

முதல்நாள் சாயங்காலம் அம்மா ஒத்திகை பார்த்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஃப்ரிட்ஜ் ஐஸைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போனாள். டம்ளரின் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது. எப்படி என்று மாமாவைக் கேட்டேன். மாமா வாசல்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். எவர்சில்வரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன. குளிர்ந்தால் டம்ளர் சுருங்கும். சுருங்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீரைத் துணி பிழிகிற மாதிரி வெளியே பிழிந்துவிடும். நான் நம்பாமல் பார்த்தேன். உடனே டம்ளரைத் துடைத்துக் காட்டினார்; மறுபடியும் துளிகள் வந்தன. தன் டீ டம்ளரைக் காட்டினார். அது காய்ந்துகிடந்தது. "சூட்டுல ஓட்டை அடைச்சுக்கும். பாத்தியா?" இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

மறுநாள் அலுவலர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மாமா வரவில்லை. அம்மா மெழுகுவர்த்தியை உருக்கினாள். கற்பூரத்தைக் காட்டினாள். ஒரு கண் கேட்டின் மேலேயே இருந்தது. உருக்குவதற்கு வேறெதுவும் இல்லாமல் போன சமயத்தில் பைக் சத்தம் கேட்டது. மாமா ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் நாற்றம் வந்து சேர்ந்தது. தூங்கி எழுந்து போவதற்குள் ஐஸ் கம்பெனியில் படகுக்காரர்கள் கூட்டம் நின்றிருக்கிறது. கூட்டாளி ஒருவனின் மீன் பெட்டியிலிருந்து மிச்ச ஐஸை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். முன்வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"டீச்சர், ஐஸுக்குள்ள எறா!"

"வெள்ள எறாடி அது."

"இல்ல, கருப்பு எறா. வால பாரு!"

அலுவலர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அம்மா மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமா நழுவிப் போய் வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டார். அம்மா ஒரு கரண்டியால் எறாவை ஒதுக்கிவிட்டு, ஐஸை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் போட்டாள். வெளிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் அழுந்தத் துடைத்து, ஈரம் இல்லை என்று எல்லாருக்கும் காட்டினாள். காத்திருந்தோம். துளிகள் பூத்தன.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

எறாவுக்கு அவ்வளவு பேசியவர்கள் இதற்கு வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாவின் முகம் வெளிறுவதைப் பார்த்தேன். எனக்கு விடை தெரியும். கையைத் தூக்கினேன். அம்மாவின் பார்வை வழக்கம்போல என்னைத் தாண்டிப் போனது. ஆனால் அலுவலர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ சொல்லும்மா."

சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளையும், சுருங்குவதையும், பிழிவதையும், சூட்டில் ஓட்டை அடைத்துக்கொள்வதையும் ஒன்று விடாமல், கையால் பிழிந்து காட்டிச் சொன்னேன். அலுவலர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"இத யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்க மாமா சார்."

"மாமா என்ன பண்றாரு?"

"ஜன்னல்ல நிக்கிறாரு சார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் இருந்த தலை கீழே இறங்கிக்கொண்டது.

"வீட்டுல வேற யாரும் சரியாச் சொல்லித் தர்றதில்லையா? அம்மா என்ன பண்றாங்க?"

"டீச்சரா இருக்காங்க சார்."

"டீச்சரா? எந்த ஸ்கூல்ல?"

"இந்த ஸ்கூல்லதான் சார்."

அவருக்கு அப்போதும் புரியவில்லை. "எந்தக் கிளாஸுக்கு?"

அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது. அதனால் விரலை மட்டும் நீட்டினேன். "இந்தக் கிளாஸுக்கு சார்."

அம்மா சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாக்பீஸ் பிடித்த கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டாள். எதையும் எழுதவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. அதை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை என்பது பின்னாலிருந்தே தெரிந்தது. அம்மா அழுகிறாள். எல்லாருக்கும் முன்னால் அம்மாவை நான் அழவைத்துவிட்டேன். உட்கார்ந்து, மேஜையில் முகத்தை வைத்து நானும் அழத் தொடங்கினேன்.

அதனால் அடுத்து நடந்ததைப் பாதி காதால்தான் அறிந்தேன். யாரும் கூப்பிடாமலே கவியரசன் எழுந்து போயிருக்கிறான். டம்ளரின் வெளித் துளியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்திருக்கிறான்.

"ஓட்டை வழியா வந்திருந்தா எறா நாத்தம் அடிக்கணும்ல சார்? உள்ள இருக்கறது நாறுது. வெளிய இருக்கறது நாறவே இல்ல."

அலுவலர் நம்பாமல் தானும் போய்த் தொட்டு முகர்ந்தார். "ஆமாண்டா" என்றார். "அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

மலர்விழியின் குரல் கேட்டது. "விடிகாலையில எங்க வலையெல்லாம் நனைஞ்சு கெடக்கும் சார், மழையே பேஞ்சிருக்காது. அது மாதிரி காத்துலேருந்துதான் வந்திருக்கும்."

அதன்பின் யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை. ஐஸ் போட்ட மோர் டம்ளர், கூல்டிரிங்ஸ் பாட்டில், காலையில் நனைந்து கிடக்கிற படகுப் பலகை என்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். அம்மா திரும்பினாள். கண்கள் சிவந்து ஈரமாக இருந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து, மீதிப் பாடத்தை நடத்தினாள்.

போகும்போது அலுவலர் வாசலில் தலைமையாசிரியையிடம், "போன தடவ வாயத் தொறக்கல. இந்தத் தடவ மூட மாட்டேங்குறாங்க" என்றது என் காதில் விழுந்தது. அதைப் புகார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது தோள் லேசாக அசைந்தது. இன்னும் அழுகிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு வேலை போய்விட்டது. இனி நாங்களும் மஸ்கட்டுக்குப் போய் லாரியில்தான் இருக்க வேண்டும். அங்கே டீச்சர் என்று கூப்பிட வேண்டியிருக்காது என்பது மட்டும் ஒரு ஆறுதல். முதுநகர் வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனிமேல் யார் என்ன கேட்டாலும் எனக்குத் தெரியாது என்றே சொல்லிவிடுவது. அதை வெகுநாள் கடைப்பிடிக்கவும் செய்தேன்; அந்த வருஷம் அறிவியலில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா அன்று வீட்டுக்கு வரவே இல்லை. சிதம்பரத்தில் ஒரு நண்பன் அறையில் ஒளிந்துகொண்டு, அம்மாவின் கோபம் ஆறியதா என்று வீட்டுக்குப் போன் போட்டு என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அவர் திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியிலிருந்தபடியே, "உனக்கு அறிவுன்னு ஏதாவது இருக்குதா?" என்று கத்தினாள். பிள்ளைகளும் தம்பியும் சேர்ந்து தன்னைப் பைத்தியமாக்கிவிடுவார்கள் என்றாள். சாப்பாட்டைப் போட்டாள். பொரித்த எறா.

போன பொங்கலுக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய பையன், கூல்டிரிங்ஸ் டம்ளர் ஏன் வேர்க்கிறது என்று அவரைக் கேட்டான். மாமா எவர்சில்வரில் இருக்கிற ஓட்டைகளைப் பற்றி ஆரம்பித்தார். "டேய், நீ இன்னும் திருந்தலையா?" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் பதறிப்போய் எழுந்து அவளைத் தொட்டுத் திருப்பினேன். மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழிய, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் இப்புடித்தான். இந்தக் கிளாஸுக்குன்னு நீ வெரல நீட்டின பாரு, அதுக்கு மேல என்னால முடியல" என்றாள்.

அப்பா தூரத்தில் இருந்த அந்த வருஷங்களில், பஸ்ஸுக்கும் பள்ளிக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவளின் சிரிப்பு அவளுடைய முதுகில் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அதை நான் பார்த்ததில்லை.