பதினொன்று இருபதுக்குக் கட்டிய தாலி

யுத்தம் திரும்பத் தொடங்கிய காலத்தில் திருகோணமலை நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். இருபத்திநாலு வயது. முதலாளிக்குக் கமெரா தண்ணிபட்ட பாடு, கம்பியூட்டர்தான் பிடிபடாது. அவர் எடுத்துக்கொண்டு வருகிற டேப்புகளைக் கம்பியூட்டரில் ஏற்றி, நேர வரிசையில் அடுக்கி, வெட்டி, பாட்டுப் போட்டு முடிப்பது என் வேலை. பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன வேலை என்று அம்மா கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தா.

ஒரு வெள்ளிக்கிழமை கப்பல்துறையில் கலியாணம். மணமகள் அந்த ஊர், மாப்பிளை டவுன். முதலாளி கோயில் மண்டபத்தில் நிற்க, அவருடைய மச்சான் இன்னொரு கமெராவோடு மாப்பிளை வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. அந்தக் கலியாணத்தைத் திங்கட்கிழமை கம்பியூட்டரில்தான் பார்த்தேன்.

நூற்றுச் சொச்சம் கிளிப்புகள். மச்சானின் கமெராவில் மணிக்கூடு அழிந்து ஏதோ பழைய வருஷத்து ஜனவரி முதலாம் திகதி விழுந்திருந்தது. அதன்படி அடுக்கினால் மாப்பிளை கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் மணமகளுக்குக் கலியாணக் குளிப்புக்காகத் தலையில் பால் அறுகு வைக்கிறார்கள். இரண்டு கமெராவையும் பொருத்த எனக்கு ஒரு பிடி தேவைப்பட்டது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாப்பிளை வீட்டுக் கிளிப் ஒன்றில் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். தலைப்பாகை கட்டிவிட்டவரின் கை அப்படியே நின்றது. மண்டபத்துக் கிளிப் ஒன்றிலும் அதே சத்தம், ஐயர் நெய்க்கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். இரண்டையும் அந்தச் சத்தத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தினேன். மற்றதெல்லாம் தன்பாட்டில் இடத்துக்கு வந்தது.

வந்த பிறகுதான் அன்று நடந்தது எனக்கு விளங்கியது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை. சத்தத்துக்குப் பிறகு டவுனிலிருந்து கப்பல்துறைக்கு வரும் கண்டி வீதியை ஆமி மூடிவிட்டது. வழியிலிருந்த ஆமிச் சென்றியில் மாப்பிளை வீட்டாரை மறித்து வைத்திருந்த நேரத்துக்குப் படம் இல்லை, அங்கே கமெராவை வெளியில் எடுக்க ஏலாது. விட்ட பிறகு வாகனம் போகக் கூடாதென்று சொன்னதால் நடந்திருக்கிறார்கள். தலைப்பாகை ஒரு சொப்பிங் பையில். பட்டு வேட்டிக் கரையெல்லாம் புழுதி. வழியில் ஒரு வீட்டுப் பெண் ஓடிவந்து செம்பில் தண்ணீர் கொடுத்தா.

மண்டபத்தில் மணவறைக்குப் பின்னால் சுவர் மணிக்கூடு. பத்தேகால் தாண்டியது. ராகு காலம் தொடங்கியது. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்க மாப்பிளை வந்து சேர்ந்தார். பன்னிரண்டு மணிவரை பொறுப்போம் என்றார் ஐயர். அதற்குள் ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். குனிந்திருந்த மணமகள் தலையை நிமிர்த்தினாள்.

"ஐயா, இவர் இவ்வளவு தூரம் நடந்து வந்திட்டார். ராகு காலம் எண்டாலும் பரவாயில்லை, இப்பவே கட்டட்டும்."

தாலி கட்டியபோது மணிக்கூட்டில் பதினொன்று இருபது.

அந்தக் கிழமையே அவளுடைய பெரியப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு முன்நின்று கலியாணம் செய்துவைத்தவர். மரியாதையாகத்தான் கதைத்தார். மாப்பிளையின் தாயும் சகோதரிகளும் கனடாவில், அவர்கள் பார்க்கப்போவது இந்த வீடியோவைத்தான். ஆகவே தாலி கட்டுவதை முன்னுக்குப் போட்டு, நடந்து வருவதை வெட்டி, மணிக்கூட்டை மறைத்து, பிள்ளை ஐயரிடம் வாய்காட்டியதையும் அழித்துவிட வேண்டும். அதற்கென்ன, செய்யலாம் என்றார் முதலாளி.

"செய்யலாம். ஆனா நான் செய்ய மாட்டன்" என்றேன்.

பெரியப்பா என்னை அப்போதுதான் பார்த்தார். "அதைத் தீர்மானிக்க நீங்கள் ஆர் பிள்ளை?"

"நான் ஒருத்தரும் இல்லை. ராகு காலத்திலை கட்டச் சொன்னவவையே கேட்பம்."

அவர் எழுந்து போனார். முதலாளி மேசையைத் தட்டி, நாளைக்கு வரவேண்டாம் என்றார். ஆனாலும் நான் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை நேரே மாப்பிளை வீட்டுக்கு விட்டேன். வாசலில் நின்றபடியே மணமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, ஒரு குடும்பத்துக்குள் சண்டை மூட்டிவிடுகிறேனோ என்று பயமாகவும் இருந்தது. அவள் கேட்டுவிட்டு, நாளைக்கு வருவம் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் அவர்கள் இரண்டு பேரோடும் நானும் உள்ளே போய், முதலாளியைக் கேட்காமலே கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். அவள் காத்திருந்ததையும் அவர் நடந்ததையும் மாறி மாறி, நேரப்படி ஓடவிட்டேன். அவர் நடந்து வந்ததை அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடைசி வரை பார்த்தாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"நாங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. நடந்தபடியே போடுங்கோ. கனடாவுக்கும் இதுதான் போகும்."

மாப்பிளை, ஓம் என்று தலையாட்டினார்.

அதுதான் போனது. பெரியப்பா ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. கனடாவிலிருந்து மாப்பிளையின் மூத்த சகோதரி போன் எடுத்து, ராகு காலத்தில் கட்டினீர்களோ என்று குறைப்பட்டாவாம். தாய் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் மகனுக்குத் தண்ணீர் கொடுத்தவ யார், பேர் தெரியுமோ என்று மட்டும் கேட்டிருக்கிறா. இதை மணமகளே ஸ்டூடியோவுக்கு வந்து எனக்குச் சொன்னாள்.

முதலாளி சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வரவேண்டாம் என்றதையும் அவர் திரும்பச் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பிறகு ஒரு காலை, குச்சவெளிக் கலியாணம் ஒன்றின் டேப்புகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் அவற்றைத் தொடவில்லை.

"இனி ஆரும் வந்து மாத்தச் சொன்னா, என்னைக் கேக்காமல் ஓம் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றார். நான் முதல் டேப்பைப் போட்டேன்.