முதுகு பிரித்த கோட்டு

மிசெங்கா ஒரு கோட்டை மடித்துப் பையில் வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. கின்ஷாசாவின் மத்தேத்தே சந்தையில் அவள் கடையும் என் துணிக்கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. கல்யாணம், ஞானஸ்நானம், பட்டமளிப்பு என்று எதற்கு வேண்டுமானாலும் கோட்டு வாடகைக்குக் கொடுப்பாள். சாவு வீட்டுக்கு மட்டும் கிடையாது. மண்ணுக்குள் போன கோட்டு திரும்பி வருமா என்பாள்.

விமானத்தில் போகிறவர்கள் தங்கள் சொந்தக் கோட்டையும் அவளிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் பெட்டி வேறு ஊருக்குப் போகும், இல்லையென்றால் பூட்டு மட்டும் வந்து சேரும். ஆகவே கைப்பைதான் கதி. மிசெங்கா முதலில் கால்சட்டையைப் பையின் அடியில் விரித்து, கால் பகுதியை வெளியே தொங்க விடுவாள். கோட்டின் ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மறு தோளை அதற்குள் நுழைப்பாள். இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கோட்டை நடுவில் வைத்து, தொங்கும் கால்சட்டையை மேலே போர்த்தி மூடுவாள். பிரசவம் பார்க்கிறவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வாள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

புருஷன் ஓடிப்போய்ப் பல வருடம். பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி, கன்யிண்டா. எங்கள் லூபா மக்களின் ஊரான ம்புஜி-மாயியில் பள்ளிக்கூட வாத்தியார். தாய் இறந்தபோது அவருக்கு நடக்கக்கூடத் தெரியாது, தூக்கி வளர்த்தவள் இவள்தான்.

அவருடைய மகள் கபேடிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோட்டு வேண்டும் என்று கன்யிண்டா தொலைபேசியில் அளவு சொன்னார். இடுப்பளவைக் கேட்டதும் மிசெங்கா கெக்கெக்கே என்று சிரித்தாள். கல்யாணப் பெண்ணின் இடுப்பளவைச் சொல்கிறாயா என்று கேலி செய்தாள். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. அதே அளவைத் திரும்பச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மிசெங்கா வெகுநேரம் அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருநீலத்தில் உயர்ந்த கம்பளித் துணி எடுத்துத் தைத்தாள். அதில் சுருக்கம் விழுந்தால் இலேசில் போகாது. எங்கள் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து நிற்பான், அவனுடைய சனம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஊர் பார்ப்பது அவன் முதுகைத்தான். எப்படி மடித்தாலும் முதுகில் ஒரு கோடு விழுந்தது. கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முதுகின் நடுத்தையலைக் கழுத்துப்பட்டிக்குக் கீழிருந்து அடிவரை பிரித்துவிட்டாள். இப்போது இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று தட்டையாகப் படிந்தன. மடிப்பு விழும் இடத்தில் துணியே இல்லை. போனதும் தைத்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னாள்.

நானும் கூடப் போனேன். விமானம் இறங்கியதும் சோதனைக்காரன் கைப்பையைத் திறக்கச் சொன்னான். பாட்டுப் பாடிக்கொண்டே கையை உள்ளே விட்டவன், கோட்டின் பிளந்த முதுகு விரலில் பட்டதும் பாட்டை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். "கர்த்தர் ஆறுதல் தரட்டும், அம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பையை அவனே மூடி நீட்டினான்.

ஒன்றும் பிடுங்காமல் விட்டுவிட்டானே என்று மிசெங்காவுக்குச் சந்தோஷம். நான் அவளை ஓரமாக இழுத்துப் போனேன். பிணவறையில் விறைத்த உடம்புக்குக் கோட்டு மாட்டும்போது முதுகைப் பிளந்துதான் மாட்டுவார்கள். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஊசி நூல் வாங்கிட்டு வரேன், இங்கயே உக்காந்து தச்சுடுடி. வீட்டுக்கு இப்படியே கொண்டு போகாத."

"இந்தப் புழுதியிலயா? பெஞ்சப் பாரு, கோழி உக்காந்த மாதிரி இருக்கு. வீட்ல மேசை இருக்கு, இஸ்திரி போட கரி இருக்கு. ஒரு தையல் கோணினாலும் முதுகுல தெரியும்டி."

துணி விஷயத்தில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

கல்யாண வீட்டு முற்றத்தில் பெண்கள் களிக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். கன்யிண்டா கொல்லைப்புறம் மாமரத்தடியில் இருப்பதாகச் சொன்னார்கள். மிசெங்கா பையைக்கூட மறந்து அங்கே ஓடினாள். வந்தவர்களின் பையைத் திறந்து கொண்டுவந்ததை எல்லோருக்கும் காட்டுவது வீட்டுக்காரியின் உரிமை. கன்யிண்டாவின் மனைவி பிலோண்டா அதை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. நான் குறுக்கே போய்ப் பையைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே பிடுங்கினாள். கோட்டை எடுத்துத் தோள்களைப் பிடித்து உதறி உயர்த்தினாள்.

பிளந்த முதுகு வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. உலக்கைகள் நின்றன.

பிலோண்டாவின் அண்ணன் சிமாங்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். சந்தையில் எடைக்கல் வைத்திருப்பவர், வார்த்தையையும் நிறுத்துத்தான் போடுவார். மிசெங்காவைக் கூப்பிடச் சொன்னார். அவள் எலும்பும் தோலுமாக இருந்த தம்பியைக் கண்ட கண்ணோடு வந்து நின்றாள். முகம் வெந்து போயிருந்தது.

"இது யாருக்கு?"

"தம்பிக்கு."

"எதுக்கு?"

கல்யாணத்துக்கு என்றாள். பிறகு, ஐயோ, விளக்க ஆரம்பித்தாள். மடிப்பு எங்கே விழும், துணி எப்படிப் படியும், இரண்டு பாதியை ஏன் பிரிக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கேட்கிற எனக்கே அது பிணத்துக்கு அளவெடுத்துத் தைத்தவளின் பேச்சாகத்தான் பட்டது. வாயை மூடடி என்று அவள் இடுப்பில் கிள்ளினேன். நிறுத்தவில்லை.

"ஆறு மாசமா இந்த மனுசன் ஏன் உருகிட்டு இருக்காருன்னு இப்பத்தான் புரியுது" என்றாள் பிலோண்டா. "அளவு எடுத்தாச்சு, துணியும் தச்சாச்சு. ஆளுதான் இன்னும் சாகல, இல்லையா அண்ணி?"

அப்பாவின் அக்காவும் எங்களுக்கு ஒரு அப்பாதான். ஆசீர்வாதமும் சாபமும் அவள் நாக்கில் என்பார்கள். அதனால் ஒரு குடும்பத்தில் ஆண் ஒருவன் காரணம் தெரியாமல் இளைத்தால் முதல் சந்தேகம் அவள்மேல்தான். சூனியக்காரி என்ற சொல்லை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெண்கள் தங்கள் குழந்தைகளை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்கள், அது போதாதா? சிமாங்கா நிதானமாகத் தீர்ப்பைச் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் அவள் போய்விட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் கன்யிண்டாவின் தலைமாட்டில் அவள் நிற்கக் கூடாது.

அது சாதாரண வார்த்தை இல்லை. செத்தவனின் தலைமாட்டில் நின்று முப்பாட்டன் பெயரிலிருந்து தொடங்கி வரிசையாகப் பாடி அனுப்ப வேண்டியவள் அக்கா. அவள் பாடாவிட்டால் போகிறவனுக்கு வழி தெரியாது, இருட்டில் நின்றுகொண்டிருப்பான் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

கன்யிண்டா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நடந்தது எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பிலோண்டா கையிலிருந்து கோட்டை வாங்கி அக்காவிடம் கொடுத்தார்.

"தச்சுக் குடு. நான் இதத்தான் போடுவேன்."

அந்த வீட்டில் ஒருத்தியும் ஊசி கொடுக்கவில்லை. நான் தெருவில் நான்கு வீடு ஏறி இறங்கி ஊசியும் இஸ்திரிப்பெட்டியும் வாங்கி வந்தேன். மிசெங்கா முற்றத்து மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தாள். கரி போட்டு இஸ்திரி தேய்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பக்கத்தில் யாரும் வரவில்லை. கபேடி மட்டும் ஒரு தட்டில் களியும் கீரையும் கொண்டுவந்து அத்தையின் அருகில் வைத்தாள். அம்மா கூப்பிட்டதும் போய்விட்டாள்.

கல்யாணத்தில் கன்யிண்டா கோட்டுப் போட்டு நின்றார். ஆடுகளைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பாட்டு, குலவை எல்லாம் இருந்தது. கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கோடு இல்லை. பெண்ணை யாரும் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அவர் முதுகில் இருந்தது, அந்தத் தையல் பிரியுமா என்று காத்திருப்பது போல. எனக்கு அந்தச் சனத்தையே சபிக்க வேண்டும் போல இருந்தது. மிசெங்கா வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவளுக்கு நாற்காலி போடவில்லை.

மறுநாள் விமான நிலையத்துக்குக் கன்யிண்டாவே எங்களைக் கொண்டுவந்து விட்டார். பிலோண்டா தடுத்தும் கேட்கவில்லை. அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் குறைந்த ஒரு தூணருகே பெஞ்சில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் செத்தா நீ வராத."

"வாய மூடுடா."

"வந்தா உன்ன உயிரோட அனுப்ப மாட்டாங்க. இந்தத் தடவ நான் குறுக்க நின்னேன். அன்னிக்கு யாரு நிப்பா?"

"வராம? நான் பாடாம உன்னப் பொதைக்க விட்டுருவேனா?"

"அதுக்குத்தான் கூட வந்தேன்" என்றார் அவர். "இப்பப் பாடிடு."

மிசெங்கா என்னைப் பார்த்தாள். உயிரோடிருப்பவனுக்கு அதைப் பாடினால் அவனை அனுப்பிவிட்டதாக அர்த்தம். அவர்கள் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும். பாடாவிட்டால் அவர் போகும்போது வழி சொல்ல ஆளிருக்காது. அவள் மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கன்யிண்டா அவள் முகத்தையே பார்த்தார். சின்ன வயதில் சோறு கேட்கும்போது இப்படித்தான் பார்ப்பானாம், அவளே பிறகு சொன்னாள்.

விமானத்துக்கு அழைப்பு வந்தது. மிசெங்கா எழுந்து அவர் தலைப்பக்கம் போய் நின்றாள். கையை அவர் தோளில் வைத்தாள். முப்பாட்டன் பெயரைச் சொன்னாள், அவன் மகன் பெயரைச் சொன்னாள், தாயின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்து ஒப்பாரியாகவே வந்துவிட்டது. கன்யிண்டா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார். கடைசியில் அவர் பெயர் வந்தது. அதற்கும் அசைத்தார்.

சத்தம் கேட்டுச் சனம் கூடியது. சுமை தூக்குகிறவன் ஒருவன் முன்னால் வந்து, யார் தவறியது என்று அவரிடமே விசாரித்தான்.

"எங்க வீட்ல ஒருத்தர்" என்றார் கன்யிண்டா. "தூரமா போறாரு. அக்கா வழி சொல்லிட்டு இருக்கா."