தடுப்பாட்டக்காரரின் நாற்காலி

இருபது வருடம் ஐஸ் ஹாக்கி ஆடிப் பேர் எடுத்த ஒரு தடுப்பாட்டக்காரரின் சாதனையை நான் ஒரே காலையில் முறியடித்திருக்கிறேன். இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில், ஒன்பது வயதில், செருப்புக்கூட இல்லாமல்.

கனடாவில் ஐஸ் ஹாக்கி அரங்கொன்றில் துப்புரவு வேலை பார்த்த மாமா, அந்த வீரரின் இலக்கம் போட்ட சட்டை ஒன்றை அனுப்பியிருந்தார். ஒன்றே ஒன்று. அக்காவுக்கும் எனக்கும் இழுபறி.

"ரெண்டு பேரும் வெளயாடிக் காட்டுங்க. யாரு அவர மாதிரி வெளயாடுறீங்களோ, சட்ட அவங்களுக்கு" என்றார் மாமா கைப்பேசியில். பார்த்துப் பழகுவதற்கு, அந்த வீரரின் ஆட்டங்களைத் தொகுத்த படமொன்றும் வந்தது.

அக்கா அதை ஒரு தடவை பார்த்தாள். நான் முப்பது தடவை. அவர் கோல் போட்டது குறைவு. பந்துக்குப் பதிலாக ஓடுகிற ரப்பர் வட்டை வருகிறவனிடமிருந்து தட்டிப் பறித்துத் தன் ஆளுக்குத் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிப் போவார். இதிலென்ன பெருமை? என் கண்ணில் பட்டது வேறு. சில நேரம் அவர் ஒருவனை மோதிச் சாய்ப்பார். உடனே கோடு போட்ட சட்டைக்காரர் விசில் ஊதி, அவரைக் கண்ணாடி அறையொன்றுக்கு அனுப்புவார். எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். சனம் எழும்பி நின்று கத்தும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் நாற்காலி, தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கும் பெரிய கணக்கப்பிள்ளைக்கும்தான். மற்றவர்கள் நிற்கிற ஆட்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்களை விடியலில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தின் பனியில் நனைந்து வழுக்கிய சீமெந்தில், மேல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு ஆட்டம். வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை, மிலாறுதான் மட்டை. சப்பாத்துப் பொலிஷ் டப்பாதான் வட்டு. களத்தின் ஓரத்தில், கோயிலிலிருந்து நான் தூக்கி வந்த துரையின் பிளாஸ்டிக் நாற்காலி.

கனடாவிலிருந்து மாமா பார்க்கட்டும் என்று அம்மா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். நான் முதல் ஆளைச் சாய்த்தேன். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். எழுந்தேன், சாய்த்தேன், உட்கார்ந்தேன்.

"டேய் எரும, எந்திரிச்சு வாடா! ஆளு பத்தலடா!" என்று கத்தினாள் அக்கா. பொறாமை என்று நினைத்தேன். பாவம், அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை. வருகிற டப்பாவையெல்லாம் சத்தமில்லாமல் பறித்து மற்றவர்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

திரையில் மாமா தோள் குலுங்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அழுவாதீங்கண்ணே, அடுத்த திருவிழாவுக்கு வந்துருங்க" என்று அம்மாவும் மூக்கை உறிஞ்சினார்.

சட்டை அக்காவுக்கு என்றார் மாமா. என் உதடு துடித்ததைப் பார்த்திருக்க வேண்டும். "மருமகனே, ஒரே ஆட்டத்துல நீ உக்காந்த அளவுக்கு அந்தாளு எந்த ஆட்டத்துலயும் உக்காரலடா!"

அது போதும் எனக்கு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளுக்குப் போய்ச் சொன்னேன்.

அந்தக் கண்ணாடி அறை, தப்பாட்டம் ஆடியவரை அடைத்துவைக்கும் கூண்டு என்று தெரிந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. மாமா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவரும் அதே பெரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவர். நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ஒருவனை எழுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை.